இதயத்தைப் பேச வைத்தவர்

அறுவைச் சிகிச்சை அறையில் மயக்க மருந்து பெற்ற நோயாளி ஆழ்ந்து உறங்குகிறார். உடலில் ஏதேனும் கோளாறு ஏற்பட்டாலும் அவரால் வாய் திறந்து சொல்ல இயலாது. ஆனால், அருகிலுள்ள திரையில் ஓடும் வளைகோடு அவருடைய இதயத் துடிப்பை இடைவிடாமல் காட்டுகிறது. இந்த இ.சி.ஜி. கோட்டைத் தெளிவாகப் பதிவு செய்ய வழிகண்டவர் வில்லெம் ஐந்தோவன்.

ஐந்தோவன் 1860ஆம் ஆண்டு ஜாவாத் தீவிலுள்ள செமாராங் நகரில் பிறந்தார். மருத்துவரான தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். தாயார் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1870இல் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கு மருத்துவம் பயின்ற ஐந்தோவன், 25ஆம் வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இதயம் துடிக்கும்போது மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகிறது. அக்காலக் கருவியிலிருந்த பாதரசம் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பதிவான கோட்டை நெடுநேரம் கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. ஐந்தோவன் சோர்ந்துவிடவில்லை. வலிமையான காந்தத்தின் நடுவே, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைப் பொருத்தினார். மின்னோட்டம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அதன் நிழல் படமாகப் பதிந்தது. 1901இல் இக்கருவியைப் பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார்.

அக்கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை கொண்டது. அதை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர் நிறைந்த சாடிகளில் வைக்க வேண்டும். கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல முடியவில்லை. எனவே, ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையைத் தம் ஆய்வுக்கூடத்துடன் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, நோயாளிகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்.

அந்நாளில் மயக்க மருந்து கொடுப்பவர்கள் நாடியைத் தொட்டே இதயத்தைக் கவனித்தனர். துடிப்பின் வேகத்தை விரல் உணரும்; ஆனால், அதன் ஒழுங்கு ஏன் மாறுகிறது என்பதை விரலால் அறிய முடியாது. 1922இல் அமெரிக்க மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையின்போது 50 நோயாளிகளின் இதயத் துடிப்பை இ.சி.ஜி. கருவியால் பதிவு செய்து ஆராய்ந்தனர்.

1924இல் ஐந்தோவனுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றபோதும், தம் கருவியை மருத்துவ உலகில் பரவச் செய்த பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிசின் பங்கை அவர் மறக்காமல் பாராட்டினார். 1927இல் அவர் மறைந்தார்.

காலப்போக்கில் கருவி சிறியதாகி, நோயாளியின் கட்டில் அருகே வந்தது. இன்று மயக்க மருந்து கொடுக்கும்போது இ.சி.ஜி. பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மருத்துவர் இரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவற்றோடு அந்தக் கோட்டையும் கண்காணிக்கிறார். கோடு தடம் மாறினால் உடனே செயல்படுகிறார். நோயாளி பேச முடியாத வேளையில், அவருக்காக அவருடைய இதயமே பேசுகிறது.