உழுத நிலத்தில் விழுந்த விதை

தவக்காலத்திலும் ஞான ஒடுக்கத்திலும் நாம் எத்தனையோ நல்ல தீர்மானங்களைச் செய்கின்றோம். சில வாரங்கள் கழிந்ததும் அவை வாடிப்போகின்றன. விதையில் குறையில்லை, விழுந்த நிலம் பண்படுத்தப்படவில்லை. புனித லொயோலா இஞ்ஞாசியாரின் உள்ளத்தை ஆண்டவர் எவ்விதம் உழுதார் என்பதைச் சற்று நோக்குங்கள்.

1491ஆம் ஆண்டு ஸ்பானிய நாட்டின் பாஸ்க் பகுதியில், பிரபுக்கள் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். வாளும் வீரமும் வீண் புகழுமே அவருடைய நாட்டம். 1521 மே 20ஆம் திகதி பம்பலூனாக் கோட்டையைக் காத்து நின்றபோது பிரெஞ்சுப் பீரங்கிக் குண்டு அவரது காலை முறித்தது. எலும்பு பிழையாகப் பொருந்தியதால் மீண்டும் முறித்துக் கட்டினார்கள். அப்போதும் ஓர் எலும்பு துருத்தி நின்றது. அழகிய காலணி அணிய முடியாதே என்பதற்காக, அதையும் அறுத்தெடுக்கச் சொல்லி அவ்வேதனையைத் தாங்கினார். காலை நேராக்க அத்தனை பாடுபட்டவர், அதுவரை தம் உள்ளத்தை நேராக்க நினைத்ததேயில்லை.

படுக்கையில் பொழுதுபோக்க வீரக் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இருக்கவில்லை. கிறிஸ்துநாதரின் சரித்திரமும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. உலகப் பெருமைகளை எண்ணியபோது இன்பம் வந்தது. பின்னர் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் பின்பற்ற எண்ணியபோதோ மகிழ்ச்சி நிலைத்து நின்றது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததே அவரது மனமாற்றத்தின் தொடக்கம்.

1522 மார்ச் மாதம் மொன்செறாத் திருத்தலத்தில் மூன்று நாட்களாகத் தம் வாழ்நாட் பாவங்களை ஆராய்ந்து பாவசங்கீர்த்தனம் செய்தார். உயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்தார். வாளைத் தேவமாதாவின் பீடத்தருகே விட்டுவிட்டு மன்றேசா நகருக்குச் சென்றார்.

அங்கே எல்லாம் இனிமையாக இருந்தது என்று எண்ணாதீர்கள். நாள்தோறும் ஏழு மணிநேரம் செபித்தும், பிச்சையெடுத்து உண்டும், தம் பாவங்கள் மன்னிக்கப்படவில்லையோ என்ற ஐயம் அவரை வாட்டியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனையும் வந்தது. ஒரு வாரம் உண்ணாமலிருந்தார். பாவசங்கீர்த்தனக் குருவின் சொல்லுக்குப் பணிந்தே உணவு கொண்டார். தம் முயற்சியால் அன்று, இறைவனின் இரக்கத்தாலேயே மன்னிப்பு வருகிறதென்று ஈற்றில் உணர்ந்தார். கடந்த பாவங்களை மீண்டும் மீண்டும் கிளறுவதை விட்டார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூல்.

மற்றவர்களிடமும் அவர் அவசரப்படவில்லை. பாரிஸில் தம்மோடு ஒரே அறையில் வாழ்ந்த பேதுரு பேபரை, தினமும் ஆத்தும சோதனை செய்யவும் வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை உட்கொள்ளவும் பழக்கினார். சில ஆண்டுகள் சென்ற பின்னரே அப்பயிற்சிகளை அவருக்கு அளித்தார். புகழை நாடிய சவேரியாரின் மனம் இளகவும் பொறுமையோடு காத்திருந்தார். 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி எழுவர் மொன்மார்த்ர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தனர். 1540இல் யேசு சபை பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காக உயிர்நீத்த நம் முன்னோர், சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களே. மன்றேசாவில் உழுத நிலத்தின் விளைச்சல் நம் கரைவரை வந்ததைப் பாருங்கள்.

1556 யூலை 31ஆம் திகதி உரோமையில் இஞ்ஞாசியார் இறைவனடி சேர்ந்தார்.

அன்பரே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். பிள்ளைகளோடு சில நிமிடம் மௌனமாக இருங்கள். இன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுங்கள். எந்த எண்ணம் சமாதானம் தந்தது, எது உள்ளத்தை வறட்சியாக்கியது என்று பாருங்கள். தவறியதற்கு மனஸ்தாபப்பட்டு, நாளைக்கு வரம் கேளுங்கள். யாரோடாவது பகையிருந்தால் அந்தக் கல்லை முதலில் அகற்றுங்கள். விதைக்க ஆண்டவர் ஆயத்தமாக இருக்கிறார். நிலத்தை அவருக்குத் திறந்துவிடுங்கள்.