கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த நோஞ்சான் பிள்ளை

அஜின்கோர்ட்டில் வாழும் எங்கள் குடும்பங்களில், பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயது வந்ததும் ஏதாவதொரு தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ப்பது வழமையாகிவிட்டது. தமிழ் வகுப்பு, சங்கீதம், பரதம் என்ற வரிசையில் கராத்தேயும் வந்து சேர்ந்துகொண்டது. கூச்சம் போகும், தன்னம்பிக்கை வரும், நாலு பேரை வழிநடத்தும் துணிவு வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனாலும் மனதில் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. போருக்குத் தப்பி வந்த நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கப் பழக்குவதா? இந்தக் கேள்வியோடு கிச்சின் ஃபுனாகோஷியின் வாழ்க்கையைப் படித்தால் பல விடயங்கள் தெளியும். நவீன கராத்தேயின் தந்தை என்று உலகம் சொல்லும் அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். போரினால் ஊரிழந்தவர்.

அவர் 1868ஆம் ஆண்டு ஒக்கினாவாத் தீவின் ஷூரி நகரில் பிறந்தார். அப்போது அது ரியூக்கியூ என்ற தனி இராச்சியம். அவருக்குப் பத்து வயதளவில், 1879இல், யப்பான் அந்த இராச்சியத்தைக் கலைத்துத் தன் மாகாணங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. நெடுநாள் உயிரோடிருக்க மாட்டான் என்றே வீட்டில் நினைத்தார்கள். தாய்வழிப் பாட்டன் பாட்டி வீட்டில் செல்லமாக வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் அவருடன் படித்த ஒருவனின் தந்தை அசாத்தோ என்பவர் பெயர்பெற்ற கராத்தே வல்லுநர். நோஞ்சான் பையன் அவரிடம் பழகப் போனான்.

அந்தக் காலத்தில் ஒக்கினாவாவில் இந்தக் கலையைப் பகிரங்கமாகப் பழகுவதில்லை. இரவில் கைவிளக்கோடு ஆசிரியரின் வீட்டு முற்றத்துக்குப் போய், விடியுமுன் திரும்பிவிட வேண்டும். கட்டா என்று சொல்லப்படும் அசைவுத் தொடர் ஒன்றையே மாதக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அது சரியாக வந்தது என்று ஆசிரியர் ஒப்புக்கொள்ளும்வரை அடுத்தது கிடையாது. விடியற்காலையில் வீடு திரும்பும் இளைஞனைக் கண்ட அயலவர்கள், இவன் கூடாத இடத்துக்குப் போய் வருகிறான் என்று கதை கட்டியதும் உண்டு. அசாத்தோவின் நண்பர் இத்தோசுவும் அவருக்கு ஆசிரியரானார். சில ஆண்டுகளில் உடல் தேறியது.

மருத்துவம் படிக்கும் ஆசை நிறைவேறவில்லை. நுழைவுத் தேர்வில் தேறியும், பழைய வழக்கப்படி வைத்திருந்த குடுமியை வெட்டாதவர்களுக்கு அங்கே இடமில்லை. குடும்பமோ குடுமியை வெட்ட விடவில்லை. பின்னர் 1888இல் ஆரம்பப் பள்ளியொன்றில் உதவி ஆசிரியரானார். அந்த வேலைக்காகக் கடைசியில் குடுமியை வெட்டத்தான் வேண்டியிருந்தது. அதைக் கண்ட பெற்றோர் கொதித்துப்போனார்கள். முப்பது ஆண்டுகள் வரையில் அவர் ஆசிரியப் பணியில் இருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசுவும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, இரவில் மறைவாகப் பழகிய கலையைப் பகலில் பள்ளிக்கூட முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கட்டாக்கள் சிறுவருக்குக் கடினமானவை. அதனால் இத்தோசு ஐந்து இலகுவான கட்டாக்களை உருவாக்கினார். ஃபுனாகோஷி பின்னர் அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றினார். அமைதி என்பது அதன் பொருள். இன்று ஷொட்டோக்கான் முறையில் பழகும் பிள்ளை முதலில் கற்பது ஹெயான் வரிசையின் முதற் கட்டாவைத்தான். அதன் முதல் அசைவு அடி அல்ல, இடப்பக்கம் திரும்பிக் கீழே வரும் அடியைத் தடுப்பது.

யப்பானின் பட்டத்து இளவரசர் 1921இல் ஒக்கினாவா வந்தபோது, ஷூரி கோட்டையில் மாணவர்களைக் கொண்டு கராத்தே செய்து காட்டியவர் ஃபுனாகோஷி. அடுத்த ஆண்டு கல்வி அமைச்சின் கண்காட்சியொன்றுக்காக ரோக்கியோ போனார். அப்போது அவருக்கு 53 வயது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் இடத்துக்கு அழைத்து, கராத்தேயைச் செய்து காட்டச் சொன்னார். வேறு பலரும் இருந்து கற்பிக்கும்படி கேட்டார்கள். சில நாளில் திரும்பலாம் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த முதல் வருடங்களின் கதை புலம்பெயர்ந்தவர்களுக்கு நன்கு விளங்கும். ஒக்கினாவா மாணவர்கள் தங்கும் விடுதியொன்றில் சிறிய அறை. வாடகைக்குப் பதிலாகக் காவல் காத்தார், தோட்டம் பார்த்தார், அறைகளைக் கூட்டினார். விடுதிச் சமையற்காரருக்குக் கராத்தே பழக்கியதால் சாப்பாட்டுக் காசு குறைந்தது. கைமுட்டான காலத்தில் பழைய தொப்பியையும் உடுப்பையும் அடகுவைக்கப் போனார். கணக்குப் பார்ப்பவர் எவரும் அந்தப் பொருட்களுக்கு அவ்வளவு பெறுமதி போடமாட்டார். ஆனாலும் எதிர்பார்த்ததைவிடக் கூடிய பணம் கிடைத்தது. அடகுக்கடையில் வேலை செய்தவரின் சகோதரன் அவருடைய மாணவன் என்பது பிறகுதான் தெரிந்தது. மனைவியோ முன்னோரின் கல்லறைகளைப் பராமரிக்கும் கடமையை விட்டு வர மனமில்லாமல் ஒக்கினாவாவிலேயே இருந்துவிட்டார்.

கெயோ பல்கலைக்கழகத்தில் 1924இல் கராத்தேக் கழகம் தொடங்கியது. அதே ஆண்டு கானோவின் ஜூடோ முறையைப் பின்பற்றித் தன் முதல் மாணவர்களுக்குக் கறுப்புப் பட்டி வழங்கினார். நாங்கள் சோதனைக் காசு கட்டிக் கட்டி வாங்கும் மஞ்சள், செம்மஞ்சள், பச்சைப் பட்டிகள் எல்லாம் பின்னர் வந்து சேர்ந்தவை. சீனக் கை என்று பொருள்படும்படி எழுதப்பட்ட கராத்தே என்ற சொல்லை, ஒலி மாறாமல் வெறுங்கை என்று பொருள்படும்படி எழுதும் வழக்கத்தை நிலைநிறுத்தியவரும் அவரே. மாணவர்கள் பணம் சேர்த்து அவருக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார்கள். அவருடைய புனைபெயரான ஷொட்டோவைக் கொண்டு அதற்கு ஷொட்டோக்கான் என்று பெயரிட்டார்கள்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கராத்தே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த காலத்தில், நல்ல போர்வீரர்களை உருவாக்கும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இத்தோசு 1908இல் எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. போர் வந்தது. ஃபுனாகோஷியின் மாணவர்கள் பலர் விடைபெற்றுப் போய்த் திரும்பவேயில்லை. 1945இல் ஒக்கினாவாவில் 14 வயதுப் பள்ளிச் சிறுவர்களையும் படையணியாக்கிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். தீவின் மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் மாண்டார்கள். ஷூரி கோட்டை தரைமட்டமானது. இதைப் படிக்கும்போது எங்களுக்கு என்ன நினைவு வரும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கட்டுப்பாட்டையும் துணிவையும் பிள்ளைக்குப் பழக்கலாம். அந்தத் துணிவை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் கவனிக்காமல் விடக்கூடாது.

அதே ஆண்டில் ரோக்கியோவில் ஷொட்டோக்கான் குண்டுவீச்சில் எரிந்தது. கலையில் அவருக்கு வாரிசாக இருந்த மகன் நோயினால் இறந்தார். ஒக்கினாவாவிலிருந்து அகதியாகக் கியூஷூத் தீவுக்கு வந்த மனைவியோடு, இருபது ஆண்டுகளுக்கு மேலான பிரிவுக்குப் பிறகு சேர்ந்தார். 1947இல் அவரும் காலமானார். எண்பதை நெருங்கிய ஃபுனாகோஷி ரோக்கியோவுக்குத் திரும்பினார். மிஞ்சிய மாணவர்கள் 1949இல் யப்பான் கராத்தே சங்கத்தை அமைத்தபோது அவரையே தலைமைப் பயிற்றுநராகக் கொண்டார்கள். கராத்தேயைப் போட்டியாக்குவதை அவர் விரும்பவில்லை. 1957 ஏப்ரலில் அவர் காலமானார். சங்கத்தின் முதலாவது அகில யப்பான் போட்டி அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது.

மறு ஆண்டே கராத்தே எங்கள் நகருக்கும் வந்துவிட்டது. 1958இல் ரொறன்ரோவில் மசாமி சுருவோக்கா கராத்தேக் கூடம் திறந்தார். அவர் பழகியது வேறொரு பிரிவு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த அவரும், யப்பானிய இரத்தம் என்ற காரணத்துக்காகப் போர்க்காலத்தில் கனடிய அரசு முகாமில் அடைத்த பிள்ளைகளில் ஒருவர்.

ஆகவே வகுப்புக்குப் பிள்ளையை விடும்போது நாங்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறானா? பயிற்சி முடிந்ததும் கறுப்புப் பட்டிக்காரரும் சேர்ந்து நிலத்தைத் துடைக்கிறார்களா? சரியாக வரும்வரை ஒரே கட்டாவைத் திரும்பச் செய்ய ஆசிரியர் நேரம் கொடுக்கிறாரா, அல்லது மூன்று மாதத்துக்கொரு பட்டி விற்கிறாரா? பள்ளிக்கூடத்தில் ஒருவன் சீண்டினால் விலகி வரவும், இன்னொருவன் சீண்டப்படும்போது பக்கத்தில் போய் நிற்கவும் பிள்ளை பழகியிருக்கிறதா? தலைமைத்துவம் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை இப்படித்தான் அளந்து பார்க்கலாம்.

கமக்குராவில் உள்ள ஒரு சென் பௌத்த மடாலயத்தில் 1968இல் ஃபுனாகோஷிக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக்கூடாது என்பது அதில் செதுக்கியிருக்கும் போதனையின் சாரம். வீட்டில் பிள்ளைகளோடு கதைக்கும்போது இதையும் சொல்லிக்கொடுப்போம்.