இரக்கம் அல்ல, தொழில்!

போர் முடிந்தால் வெற்றி விழா நடக்கும். முரசு கொட்டும். தளபதிகளின் மார்பில் பதக்கம் மின்னும். வரலாறு எழுதுவோர் அத்தோடு ஏட்டை மூடிவிடுவார்கள். ஆனால், குண்டு வெடித்துக் கண்ணிழந்து ஊர் திரும்பிய சிப்பாயின் கதையை யார் எழுதுவது? நேற்றுவரை சுரங்கத்தில் கரி வெட்டியவன், வயலில் ஏர் பிடித்தவன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், இருபத்தைந்து வயதில் இருட்டில் நிற்கிறானே, அவன் இனி என்ன செய்வான்? பள்ளிக்கூடம் போகும் வயதா அது? வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கும் வயதா அது?

முதல் உலகப் போரின்போது இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஒரு பத்திரிகை முதலாளி. பெயர் சிரில் ஆர்தர் பியர்சன். முதலாளி என்றதும் தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டிய இடத்தில் நாமும் சுளிப்போம். ஆனால் பாராட்ட வேண்டியதைப் பாராட்டத் தயங்குவது நமக்கு அழகல்ல.

1866-ல் இங்கிலாந்தில், சாமர்செட் மாவட்டத்து வூக்கி என்ற சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பியர்சன். 1884-ல் டிட்-பிட்ஸ் என்னும் வார இதழ் வினா-விடைப் போட்டி ஒன்றை நடத்தியது. பரிசு என்ன தெரியுமா? அந்த இதழின் அலுவலகத்திலேயே ஒரு குமாஸ்தா வேலை! விடைகளைத் தேடி மிதிவண்டியேறிப் பெட்ஃபோர்டு நூலகத்துக்கு நடையாய் நடந்தார் இளைஞர். வேலை கிடைத்தது. சில காலத்தில் மானேஜர் பதவி. 1890-ல் சொந்தமாக வார இதழ். 1900-ல் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளேடு. முதல் பக்கம் விளம்பரத்துக்கே என்று மற்ற ஏடுகள் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், முதல் பக்கத்தில் செய்தியை அச்சிட்ட ஏடு அது.

அந்த ஏடு யாருக்காக முழங்கியது? அயல்நாட்டுப் பண்டங்களுக்குச் சுங்கவரி போட வேண்டும் என்று ஜோசப் சேம்பர்லின் தொடங்கிய கிளர்ச்சிக்காக முழங்கியது. ரொட்டி விலை ஏறிவிடும் என்று அஞ்சிய மக்கள், 1906 தேர்தலில் அந்த அணியைத் தோற்கடித்தார்கள். நாம் முகம் சுளிக்க வேண்டிய இடம் இது.

பணம் இருந்தது. பத்திரிகைகள் இருந்தன. அமைச்சர்களோடு பழக்கம் இருந்தது. கண் மட்டும் நிலைக்கவில்லை! விழியில் நீரழுத்தம் ஏறும் நோய். 1908-ல் அறுவை செய்தும் பயனில்லை. 1910 முதல் தன் ஏடுகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றினார். போர் தொடங்குமுன்பே பார்வை போய்விட்டது. அவர் அழவில்லை என்று சொல்ல நாம் யார்? அழுதிருக்கலாம். ஆனால் அழுதுகொண்டே இருக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் மறுபடியும் மாணவர் ஆனார். உடுத்துவது, உண்பது, நடப்பது எல்லாவற்றையும் புதிதாகக் கற்றார். கண்ணில்லாமல் வாழ்வதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு கலை என்பதை அப்போது உணர்ந்தார்.

1914-ல் பார்வையற்றோர் தேசிய நிறுவனத்தின் தலைவரானார். ஆண்டுக்குச் சுமார் 5,200 பவுனாக இருந்த அதன் வருவாய், அவர் காலத்திலேயே மூன்றரை லட்சம் பவுனைத் தாண்டியது. ஏடு விற்கத் தெரிந்தவருக்கு நன்கொடை திரட்டவும் தெரிந்திருந்தது!

1915 சனவரியில், கண்ணிழந்த படைவீரர்களுக்கெனக் குழு அமைத்தார். இலண்டன் ரீஜண்ட் பூங்காவில் செயிண்ட் டன்ஸ்டன்ஸ் என்ற மாளிகையை, ஆட்டோ கான் என்ற அமெரிக்கச் செல்வர் இரவலாகத் தந்தார். அந்தப் பெயர் வந்த விதமே சுவையானது. பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஃப்ளீட் தெருவின் செயிண்ட் டன்ஸ்டன் தேவாலயத்தில் ஒரு பழைய கடிகாரம் இருந்தது. பிரபு ஒருவர் அதை வாங்கித் தம் மாளிகையில் மாட்டிவைத்தார். கடிகாரத்தோடு பெயரும் குடியேறிவிட்டது. மணியடிக்கும் அந்தக் கடிகாரத்தின் கீழே, முகம் பார்த்து மணி அறிய முடியாத இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே நடந்ததுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. மருத்துவமனைக் கட்டிலிலேயே போய் வீரனைச் சந்திப்பார் பியர்சன். தடவி மணி பார்க்கும் கைக்கடிகாரம் ஒன்றை அவன் கையில் வைப்பார். சிறிய பொருள்தான். ஆனால் அதன் பொருள் பெரிது! இனி எதுவும் தன்னால் ஆகாது என்று கிடந்தவன், யாரையும் கேட்காமல் மணி அறிந்துகொள்கிறான். அதுதான் முதல் பாடம்.

மாளிகைக்குள் லினோலியப் பட்டைகள் விரித்து, கால் உணரும் பாதைகள் அமைத்தார்கள். தோட்டத்தில் கைப்பிடிக் கம்பிகள் இருந்தன. அறைக்கு அறை கைபிடித்து அழைத்துப்போக ஆள் வைக்கவில்லை. வழியை அமைத்துக் கொடுத்தார்கள், நடப்பதை அவனிடமே விட்டுவிட்டார்கள்.

ஆசிரியர்களில் பலர் கண்ணிழந்தவர்களே. ஏன்? பார்வையுள்ளவர் வந்து உன்னால் முடியும் என்றால், உனக்கென்ன தெரியும் என்று உள்ளம் கேட்கும். தன்னைப்போல் இருட்டில் இருப்பவன் கூடை முடைந்து காட்டினால், அந்தக் கேள்விக்கே இடமில்லை. பாட நேரத்தையும் குறைவாகவே வைத்தார்கள். விரலால் படிப்பதும் செவியால் கற்பதும் மூளையைச் சோர்வடையச் செய்யும் வேலை. குழந்தையின் விரல் மென்மையானது, பிரெய்ல் புள்ளி எளிதில் பிடிபடும். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு அது மணல் தடவுவதுபோல இருக்கும். அதற்காக அவனை மக்கு என்று ஒதுக்கவில்லை. பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். தட்டச்சில் தேறியவனுக்கு அந்த இயந்திரத்தையே சொந்தமாகக் கொடுத்தார்கள்.

படிப்போடு தொழில் வந்தது. கூடை முடைதல், தச்சு வேலை, கோழி வளர்ப்பு, தொலைபேசி இணைப்பு வேலை, சுருக்கெழுத்து, மருத்துவ முறையில் உடல் பிடித்துவிடுதல் எனப் பல. செருப்புத் தைக்கக் கற்றவனுக்குக் கால்மிதி பின்னவும் கற்றுக் கொடுத்தார்கள். தைக்கும் வேலை குறைந்த நாளில் கை சும்மா இருக்கக் கூடாதல்லவா? உழைப்பவனின் அடுப்பு எரிவதை நினைத்துப் போட்ட பாடத்திட்டம் அது. பயிற்சி முடிந்ததும் கைகழுவிவிடவுமில்லை. மூலப்பொருள் வாங்கித் தந்தார்கள். செய்த பொருளுக்குச் சந்தை தேடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் தொழிலோடு ஊர் திரும்பினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் போர்முனையில் கண்ணிழந்தவனுக்கு மாளிகை திறந்ததே, சுரங்கத்தில் கண்ணிழந்தவனுக்கு எது திறந்தது? பட்டறையில் இரும்புத் தூள் தெறித்துப் பார்வை போனவனுக்கு? அவன் கையில் அன்றைக்கு இருந்தது பெரும்பாலும் தருமப் பட்டறைகளின் அற்பக் கூலிதான். பார்வையற்ற தொழிலாளர்களே அமைத்த தொழிற்சங்கம் அப்போது களத்தில் இறங்கியது. 1920 ஏப்ரலில் நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் நகரங்களிலிருந்து 171 பேர் இலண்டனை நோக்கி நடந்தார்கள். கண்ணில்லாதவர் நடந்த அந்த நெடும்பயணம், கண்ணுள்ள அரசைத் தட்டி எழுப்பியது! அதே ஆண்டில் பார்வையற்றோர் சட்டம் வந்தது. அவர்களின் ஓய்வூதிய வயது 70-லிருந்து 50-க்கு இறங்கியது. அவர்கள் நலனைக் கவனிப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று.

செல்வரின் நன்கொடை ஒரு மாளிகையைத் திறக்கும். தொழிலாளியின் போராட்டம் சட்டத்தைத் திறக்கும். பியர்சன் காட்டியது எப்படிக் கற்பிப்பது என்பதை. அந்த 171 பேர் காட்டியது அது எல்லோருக்கும் உரியது என்பதை. இரண்டும் நமக்கு வேண்டும்.

1921 டிசம்பர் 9. குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு நினைவிழந்து, நீரில் மூழ்கி இறந்தார் பியர்சன். வயது 55. அவருக்குப் பின் நிறுவனத்தை ஏற்று நடத்தியவர் யார்? 1916-ல் சோம் போர்க்களத்தில் கண்ணிழந்து, அங்கேயே பயின்ற இயன் ஃபிரேசர் என்ற 24 வயது இளைஞர்! மாணவனே தலைவனானான். ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் ஏது?

அந்த விதை நம் நாட்டிலும் விழுந்தது. 1943-ல், இரண்டாம் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக டேராடூனில் ஒரு செயிண்ட் டன்ஸ்டன்ஸ் எழுந்தது. கலிப்போலியில் பார்வையிழந்து பியர்சனின் நிறுவனத்தில் பயின்ற நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்சி அதை நடத்தினார். 1950-ல் இந்திய அரசு அதை ஏற்று, வயது வந்த பார்வையற்றோர் பயிற்சி மையமாக்கியது. இன்று அது தேசிய நிறுவனம். அதன் மண்டல மையம் நம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 18-வது பிரிவில், முதியோர் கல்வியில் அவர்களும் மற்றவரோடு சமமாகப் பங்குபெற அரசும் உள்ளாட்சிகளும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டுவருவது யார் வேலை? நம் வேலை!

நம் தெருவிலேயே இருப்பார்கள். நீரிழிவில் பார்வை மங்கியவர், பட்டாசு ஆலையில் கண்ணிழந்தவர், கட்டட வேலையில் விழுந்து கால் இழந்தவர். நாம் நடத்தும் படிப்பகத்தின் வாசலில் எத்தனை படி? அங்கே செய்தித்தாளை உரக்கப் படிக்க ஒரு குரல் உண்டா? அவர்களை ஒருமுறையேனும் அழைத்தோமா? ஐயோ பாவம் என்று சொல்லிக் கடந்துபோக யாராலும் முடியும். வாருங்கள், கற்போம் என்று சொல்வதற்குத்தான் தோழர்கள் வேண்டும். இன்று மாலையே அந்தக் கதவைத் தட்டுவோம்.