சாவி இல்லாமலும் கேட்டவர்

திருவண்ணாமலை தேரடி வீதியில் பூ விற்கும் உறுப்பினர் நான். கூட்டத்தில் வாய் திறக்க எனக்குத் தைரியம் தந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவின் கதைதான்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். 1927-ல் துணைத் தலைவர். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம் நம்ம மந்திரிகள் கையில். பணம், போலீஸ் வெள்ளைக்காரக் கவர்னர் பக்கம். குழு நோட்டு நம்மகிட்ட, பெட்டிச் சாவி வேறொருத்தர்கிட்ட இருக்கிற மாதிரி.

அப்பவும் அவர் சும்மா இருக்கல. பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவந்தார். 1930-ல் காந்தி கைதானதும் பதவியை விட்டார். ஒழிப்புச் சட்டம் 1947-ல்தான் வந்தது.

வார்டு கூட்டத்தில் தெருக்குழாய் கேட்டேன்; இன்னும் வரல. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். நீங்களும் கூட வாங்க.