பறவையொலி கேளாத எடிசன்

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்விளக்குதான். ஆனால் நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது அவருடைய விளக்கைப் பற்றி அன்று. அவருடைய காதைப் பற்றி. பேசும் பொறியை உலகுக்கு அளித்த அம்மேதை, வாழ்நாளின் பெரும்பகுதியைக் காது மந்தமானவராகவே கழித்தார் என்பது நம் தோழியரில் பலர் அறியாத செய்தி.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து மிலன் என்னும் சிற்றூரில், 1847ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாக எடிசன் பிறந்தார். 1854இல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹியூரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதில் அவருக்கு ஸ்கார்லட் காய்ச்சல் கண்டது. தொண்டை புண்ணாகி, உடலெங்கும் சிவந்து தடிக்கும் நோய் அது. காதிலும் அடிக்கடி நோய் கண்டது. பள்ளிக்குச் சென்றதோ சில மாதங்களே. மூளை குழம்பிய பையன் என்று ஆசிரியர் கூறிவிட, வெகுண்டெழுந்த அன்னை நான்சி மகனை வீட்டுக்கு அழைத்து வந்து தாமே கற்பித்தார். அந்தப் பையன் உண்மையிலேயே மந்தபுத்தியா, அல்லது ஆசிரியர் சொன்னது பாதி காதில் விழவில்லையா? இந்த ஐயம் நமக்கு எழாமல் இல்லை.

பன்னிரண்டு வயதில் ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்றார். அப்போது ரயில் ஊழியர் ஒருவர் அவரைக் காதைப் பிடித்து வண்டிக்குள் தூக்கியதால்தான் செவிடானார் என்று ஒரு கதை உண்டு. எடிசனே அதைச் சுவைபடச் சொல்லி வந்தார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைப்பருவக் காய்ச்சலும் காதுநோயுமே காரணமாயிருக்கலாம் என்பதே அறிஞர் பலரின் கருத்து.

நம் தொண்டையிலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் செல்கிறது. தொண்டையிலுள்ள கிருமிகள் அவ்வழியே ஏறி, நடுக்காதில் சீழ் கட்டச் செய்யும். சீழ் பெருகிச் செவிப்பறையைத் துளைத்து வெளிவரும். ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகளும் நாளடைவில் அரிக்கப்படலாம். எடிசன் சிறுவனாயிருந்தபோது இதற்கு மருந்தில்லை. பெனிசிலின் 1928இல்தான் கண்டறியப்பட்டது.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தபோது தம் மேசையிலுள்ள கருவியின் ஒலி மட்டும் கேட்டது. பக்கத்து மேசைகளின் இரைச்சல் கேட்கவில்லை. அதை ஒரு வசதியாகவே அவர் கருதினார். கிரகாம் பெல்லின் தொலைபேசி 1876இல் வந்தது. அதில் ஒலி மிகவும் மெலிந்திருந்தது. அடுத்த ஆண்டே கரித்துண்டைக் கொண்டு குரலைத் தெளிவாக அனுப்பும் கருவியை எடிசன் அமைத்தார். தமக்குக் காது சரியாகக் கேளாததே அதற்குத் தூண்டுகோல் என்று பின்னாளில் கூறிக்கொண்டார். அதே 1877இல் ஃபோனோகிராஃப் பிறந்தது.

இசைத்தட்டுகளுக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பியானோவின் மரத்தையும் ஃபோனோகிராஃப் பெட்டியையும் பற்களால் கடித்துக்கொண்டு கேட்பார்! அதிர்வு பல்லிலும் தாடையிலும் மண்டையோட்டிலும் பரவி, பழுதுற்ற நடுக்காதைத் தாண்டி நேராக உட்செவியை அடையும். உட்செவியில் ஓரளவேனும் உயிர் இருந்ததால்தான் இது இயன்றது.

முதல் மனைவி இறந்த பின் மினா என்னும் மங்கையை விரும்பினார். தந்திக் குறியீட்டை அவருக்குக் கற்பித்து, அவருடைய கையில் தட்டித் தட்டியே மணக்க விருப்பம் தெரிவித்தாராம். (அருட்சகோதரிகள் இதை எழுதியதற்காக நம்மைக் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.) 1886இல் திருமணம் நடந்தது.

செவிட்டுத்தன்மை தமக்கு நன்மையே செய்தது, மனத்தை ஒருமுகப்படுத்த உதவியது என்றார் எடிசன். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அதைக் காட்டி, காது கேளாவிட்டால் என்ன, எடிசன் ஆகவில்லையா என்று பெரியவர்கள் சொல்வதை நாம் ஏற்கமாட்டோம். பன்னிரண்டு வயதுக்குப்பின் பறவை பாடக் கேட்டதில்லை என்று குறித்து வைத்தவரும் அவரே அல்லவா? அவருக்கு நான்சி என்ற தாய் வாய்த்தார். பின்வரிசையில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கு வேறு விடை சொல்லி, மக்கு என்று பெயர் வாங்கும் எல்லாச் சிறுமியருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

பிள்ளைகளின் செவிக்குறையில் நூற்றுக்கு 60 பங்கு தடுக்கக்கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. காது வலித்தால், சீழ் வடிந்தால் மருத்துவரிடம் போகாமல் காய்ச்சிய எண்ணெய் விடுவது நம் வீடுகளில் இன்றும் உண்டு. செவிப்பறையில் துளையிருந்தால் அவ்வெண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போகும். கொண்டை ஊசியால் குடைவதும் நம் பழக்கமே. இக்காலத்தில் இயர்ஃபோன் வேறு சேர்ந்துவிட்டது. பேரொலி தாக்குவது உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்களை. ஒருமுறை அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கே எடிசனின் பல்வித்தைகூடப் பெரிதாக உதவாது.

அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகளைப் பெற்ற எடிசன், 1931 அக்டோபர் 18ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சில் தம் 84ஆம் வயதில் காலமானார். 21ஆம் நாள் அடக்கம் நடைபெற்றது. அன்றிரவு, குடியரசுத் தலைவர் ஹூவரின் வேண்டுகோளை ஏற்று, அமெரிக்க மக்கள் தங்கள் வீட்டு விளக்குகளை ஒரு நிமிடம் அணைத்து வைத்தனர்.