புரதங்களுக்கு வரைபடம் தந்த ஜி. என். ராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 8.10.1922 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் பயின்றபின், 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. ராமன் அவரைப் பௌதிகத்துக்கு மாற்றிக்கொண்டார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைவரானார். அப்போது வயது சுமார் முப்பதுதான்.

நம் தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் புரதம் கொலாஜன். அது மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார். மறு ஆண்டே அதைச் செம்மைப்படுத்தினார். ஆனால் அணுக்கள் அவ்வளவு நெருங்கியிருக்க முடியாது என்று பிரான்சிஸ் கிரிக் முதலானோர் ஆட்சேபித்தனர்.

அவர் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதன் பயனாக, சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகிய இருவருடன் 1963-ல் அவர் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப இயலாது என்பதை அது ஒரே சதுரத்தில் காட்டிவிடுகிறது. கொலாஜனின் மூவிழை அமைப்பும் பின்னர் உலகெங்கும் ஏற்கப்பட்டது.

7.4.2001 அன்று அவர் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் புதிதாகக் கண்டறியும் புரத அமைப்பு சரியானதா என்று இன்றும் அவர் வரைபடத்தைக் கொண்டே சோதிக்கிறார்கள். உயிர்வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள் பாடநூலில் அந்தப் பெயரைக் காணும்போது, அது ஓர் ஆட்சேபணைக்கு உழைப்பால் தந்த பதில் என்பதையும் அறிந்திருக்கட்டும்.