நட்ட மரத்தை யார் பார்ப்பது? பேட்ரிக் கெடிஸ் காட்டிய வழி

எம்டன் என்ற சொல் நம் வீடுகளில் இன்னும் புழங்குகிறது. கெட்டிக்காரப் பிள்ளையையும் அடங்காத பிள்ளையையும் தாத்தா பாட்டிகள் அப்படித்தான் அழைப்பார்கள். முதல் உலகப் போரில் இந்தியப் பெருங்கடலைக் கலக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் 28 விடியற்காலையில் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. இந்த இரண்டு தாக்குதல்களுக்கும் இடையே, கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலும் அதற்கு இரையானது.

அந்தச் சரக்குக் கப்பலில் தங்கமோ துப்பாக்கியோ இல்லை. பெட்டி பெட்டியாக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் மாதிரிகளும் இருந்தன. பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த அந்தக் கண்காட்சிக்குச் சொந்தக்காரர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவரவியல் பேராசிரியர் பேட்ரிக் கெடிஸ். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று வேறொரு கப்பலில் வந்து சேர்ந்த அவருக்கு அப்போது வயது 60. வாழ்நாள் உழைப்பு கடலுக்கு அடியில் போய்விட்டது. ஆனாலும் அவர் ஊர் திரும்பவில்லை. நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தே விட்டது.

நண்பர்களே, நான் ஜொகூரில் படிக்கும் பல்கலைக்கழக மாணவன். நம் மாநிலத்தில் மரம் நடும் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளியில் நடுகிறோம், கோயில் வளாகத்தில் நடுகிறோம், தாமானில் கோத்தோங் ரோயோங் என்றால் அங்கும் நடுகிறோம். படம் எடுத்துக்கொள்கிறோம். பிறகு அந்தக் கன்றுக்கு என்ன ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. நட்டதை வளர்க்க அக்கம்பக்கத்து மக்களை எப்படிப் பழக்குவது என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை தேடியவர் கெடிஸ். தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்து திரிந்த அவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பட்டம் பெறாத பேராசிரியர்

கெடிஸ் 1854 அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். பெர்த் நகரத்துக்கு அருகே ஒரு குன்றின் சரிவில் அவர்கள் வீடு இருந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம். மகனுக்குத் தந்தை கற்றுக்கொடுத்த முதல் பாடங்கள் அந்தத் தோட்டத்தில்தான் நடந்தன. உருளைக்கிழங்கு வரிசையில் கணக்கு, செடி வளர்ச்சியில் அறிவியல் என்று அந்தப் பாடம் அமைந்தது.

தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் ஒரே வாரத்தில் வெளியேறினார். செடியைப் பார்க்காமல் பெயர்களை மனப்பாடம் செய்யும் முறை அவருக்கு ஒத்துவரவில்லை. இலண்டனுக்குப் போய், டார்வினின் கொள்கைகளைப் பரப்பிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். கடைசிவரை அவர் எந்தத் தேர்வும் எழுதிப் பட்டம் பெறவில்லை. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்று புள்ளிகளை எண்ணியே வளர்ந்த நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். இருந்தும் 1888இல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு நோய். 1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது பார்வை மங்கியது. பல வாரங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் இருக்க வேண்டியதாயிற்று. பார்வை மீண்டும் வந்தது. ஆனால் நுண்ணோக்கியில் மணிக்கணக்காகக் கண் வைத்துப் பார்க்கும் ஆய்வாளர் வாழ்க்கை இனி முடியாது என்று தெரிந்துவிட்டது. சிறு உயிரணுவைப் பார்க்க நினைத்தவர் முழு நகரத்தையும் ஓர் உயிராகப் பார்க்கத் தொடங்கினார்.

சேரியில் குடியேறிய தம்பதி

1886இல் ஆனா மோர்ட்டனை மணந்தார். புதுமணத் தம்பதி நல்ல வீதியில் வீடு பார்ப்பார்கள் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். அவர்களோ எடின்பரோ பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெரிசலான குடியிருப்புக்குக் குடிபோனார்கள். வசதியானவர்கள் எல்லாம் புதிய நகரத்துக்குப் போய்விட, ஏழைகள் மட்டும் தங்கிவிட்ட இடம் அது. வெளிச்சம் குறைவு, குப்பை அதிகம்.

அங்கே கெடிஸ் கூட்டம் போட்டுப் பேசவில்லை. சுண்ணாம்பு வாளியை எடுத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார். சன்னல்களில் பூத்தொட்டி வைத்தார். வேடிக்கை பார்த்த அண்டை வீட்டார் மெல்ல மெல்லக் கைகொடுத்தார்கள். அவருடைய மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

1892இல் கோட்டைக்கு அருகே இருந்த ஒரு கோபுரக் கட்டடத்தை எடுத்து அதற்கு அவுட்லுக் டவர் என்று பெயரிட்டார். உச்சியில் ஏறினால் ஊர் முழுதும் தெரியும். கீழே ஒவ்வொரு மாடியிலும் அந்த ஊர், அந்த நாடு, பிறகு உலகம் என்று விளக்கும் படங்கள் இருந்தன. தன் ஊரை முதலில் கூர்ந்து பார்க்கத் தெரியாதவனால் அதற்கு உதவ முடியாது என்பது அவர் எண்ணம்.

அந்தப் பார்வைப் பயிற்சியிலிருந்துதான் மரங்களும் தோட்டங்களும் முளைத்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவுட்லுக் டவர் குழுவினர் பழைய நகரம் முழுவதும் நடந்து, பயனில்லாமல் கிடக்கும் காலி நிலங்களைக் கணக்கெடுத்தார்கள். 70க்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள் கிடைத்தன. எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஏக்கர். இடமே இல்லை என்று எல்லாரும் சொன்ன ஊரில் 10 ஏக்கர்! அவற்றில் பல குப்பை மேடுகள். கெடிஸின் மகள் நோரா தோட்டங்களை வடிவமைத்தார். தன்னார்வலர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் குப்பை அகற்றி, மண் கொத்தி, செடி நட்டார்கள். அந்தக் காலத்தில் உருவான தோட்டங்களில் சில இன்றும் எடின்பரோவில் இருக்கின்றன.

தஞ்சையிலும் மதுரையிலும்

இந்தியாவுக்கு வந்த கெடிஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் தீட்டவில்லை. விடியற்காலையில் கிளம்பி, சந்து சந்தாக நடப்பார். கிணறு எங்கே இருக்கிறது, பெண்கள் எங்கே கூடுகிறார்கள், எந்த மரத்தடியில் திண்ணை இருக்கிறது என்று பார்ப்பார். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதும் மருத்துவரை நம்ப முடியுமா? ஊருக்கும் அதே நியாயம்தான் என்று அவர் கருதினார். தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் உள்பட அன்றைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களுக்கு அவர் அறிக்கை எழுதினார்.

தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, நேர்க்கோட்டில் புதிய சாலைகளை வெட்டும் திட்டம் அப்போது இருந்தது. பழைய வீடுகள் ஏராளமாக இடிபட்டிருக்கும். ஏழைகள் இன்னும் நெரிசலான வேறொரு மூலைக்குத் துரத்தப்பட்டிருப்பார்கள். கெடிஸ் வேறு வழி காட்டினார். மிகவும் சிதைந்த சில கட்டடங்களை மட்டும் அகற்ற வேண்டும். இருக்கும் சந்துகளைச் சற்றே அகலமாக்க வேண்டும். கிடைக்கும் சிறு வெளிகளில் மரம் நட வேண்டும். தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் அறுவை சிகிச்சை போன்றது இந்த முறை.

மரம் எதற்கு? நிழலுக்கு மட்டுமல்ல. வெறும் காலியிடத்தை யாரும் வளைத்துப் போட்டுவிடலாம். நடுவில் ஓர் அரசமரம் நின்று, அதைச் சுற்றி மேடை கட்டி, அங்கே பெரியவர்கள் உட்காரத் தொடங்கிவிட்டால் அந்த இடம் பொதுச்சொத்து ஆகிவிடும். மரம் இடத்தைக் காக்கும், மக்கள் மரத்தைக் காப்பார்கள். நம் முன்னோர் அறிந்த இந்த உண்மையை ஒரு வெளிநாட்டுத் தாவரவியலாளர் அரசாங்க அறிக்கைகளில் எழுதி வைத்தார். கொசுவுக்குப் பயந்து குளங்களை மூடுவதையும் அவர் எதிர்த்தார். மீனும் வாத்தும் வளர்த்தால் அவை கொசுப் புழுவைத் தின்றுவிடும் என்று எடுத்துச் சொன்னார்.

இந்தூர் ஊர்வலம்

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. இந்தியாவில் தந்தைக்குத் துணையாக இருந்துவிட்டுப் போருக்குப் போன மூத்த மகன் அலஸ்டர் பிரான்சில் கொல்லப்பட்டார். அப்போது மனைவி ஆனா இந்தியாவில் கடும் நோயில் கிடந்தார். மகன் இறந்த செய்தியை அவரிடம் சொல்ல கெடிஸுக்கு மனம் வரவில்லை. அதை அறியாமலேயே ஆனா கண்மூடினார். சில வாரங்களுக்குள் மகனையும் மனைவியையும் பறிகொடுத்த மனிதர், மறுபடியும் தெருவில் இறங்கி நடந்தார்.

இந்தூர் நகரத்தில் அப்போது பிளேக் பரவியிருந்தது. கெடிஸ் மன்னரிடம் ஒரு நாள் மட்டும் தமக்கு ஆட்சி உரிமை கேட்டார். தீபாவளி ஊர்வலத்தைத் தாமே நடத்தப்போவதாக அறிவித்தார். வழக்கமான வீதிகளில் ஊர்வலம் போகாது. எந்தத் தெருவினர் தங்கள் வீடுகளை நன்றாகத் துப்புரவாக்கிச் செப்பனிடுகிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்றார். ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் உருவப் பொம்மைகளாக வந்து எரிந்தன. துப்புரவுத் தொழிலாளர்கள் தூய வெள்ளை உடையில், அலங்கரித்த வண்டிகளோடு மரியாதையாக நடந்தார்கள். மக்களுக்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன.

நோய் தணிந்ததற்குப் பருவம் மாறியதும் ஒரு காரணம்தான். ஆனால் ஊர்மக்கள் கற்றது வீண்போகவில்லை. துளசியைக் கொடுத்ததில் ஓர் உளவியல் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு செடி என்றால் வீட்டுக்கு ஒரு பொறுப்பாளி. தினமும் நீர் ஊற்றுபவர் அந்த முற்றத்தைக் குப்பையாக விடமாட்டார்.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். செடிகளின் உணர்வை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் வெளியிட்டார். 1924இல் இந்தியாவை விட்டுப் பிரான்சின் மோன்பெலியே நகருக்குச் சென்று, அங்கே மாணவர் விடுதியும் தோட்டமும் அமைத்தார். 1932 ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அவருடைய இந்தியத் திட்டங்களில் பெரும்பாலானவை ஏட்டோடு நின்றுவிட்டன. நேர்க்கோட்டுச் சாலை போடும் அதிகாரிகளுக்குச் சந்து சந்தாக நடக்கும் பொறுமை இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1947இல் ஜாக்குலின் டிர்விட் அந்த அறிக்கைகளைத் தொகுத்து நூலாக்கிய பிறகு, நகரத் திட்டம் படிக்கும் மாணவர்கள் மறுபடியும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

நம் தாமானில் தொடங்கலாம்

கெடிஸின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் எளிது. முதலில் நடக்க வேண்டும், பிறகு எண்ண வேண்டும், அதற்குப் பிறகுதான் மண்வெட்டி. ஜொகூரில் நம் வீடமைப்புப் பகுதிகளிலும் இதைச் செய்யலாம். பத்து மாணவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் தங்கள் தாமானைச் சுற்றி வந்து ஒவ்வொரு மரத்தையும் குறித்துக்கொண்டால் போதும். எவ்வளவோ தெரியவரும்.

கன்றைக் கம்போடு கட்டிய கம்பி, தண்டு பெருத்த பிறகும் அவிழ்க்கப்படாமல் பட்டையை இறுக்கிக்கொண்டிருக்கும். புல்வெட்டும் இயந்திரம் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையைச் சீவியிருக்கும். இலை தயாரிக்கும் உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்குப் போகிறது. சுற்றிலும் பட்டை போனால் வேர் பட்டினி கிடந்து, மரம் சாகும். சில மரங்களின் அடிவரை சிமெண்ட் பூசப்பட்டிருக்கும். வேருக்குக் காற்றும் நீரும் எட்டாது.

இவற்றைச் சரிசெய்ய நிபுணராக வேண்டியதில்லை. கம்பியைத் தளர்த்தலாம். அடிமரத்தைச் சுற்றிப் புல்லைக் கையால் பிடுங்கி, காய்ந்த இலைகளைத் தண்டில் படாமல் பரப்பலாம். மழை இல்லாத வாரங்களில் கன்றுக்கு நீர் ஊற்றலாம். ஆனால் பெரிய கிளை, மின்கம்பி, சாய்ந்த மரம் என்றால் கை வைக்கக் கூடாது. மாநகர் மன்றத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். உச்சியை மொட்டையடிப்பதும் தவறு. அதன்பின் துளிர்க்கும் கிளைகள் பிடிப்பில்லாமல் காற்றில் முறியும்.

பயிற்சி என்பது இவ்வளவுதான்: பார்க்கத் தெரிவது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அறிவது, மறுவாரமும் வருவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். அதற்குக் கெடிஸின் துளசிக் கணக்கு உதவும். ஒரு மரத்துக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டு வாசலில் எந்த மரம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த கோத்தோங் ரோயோங்கில் புதிய கன்று நடுவதற்கு முன், போன ஆண்டு நட்டது எப்படி இருக்கிறது என்று அந்தத் தாளைப் பார்த்துக் கேளுங்கள்.